சுண்டங்குளத்தார் வகுப்பை மதிப்பிட்ட கதை

சுண்டங்குளம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த மாவட்டத்துக்காரர்கள் கோபப்படுவார்கள். சொல்லாவிட்டால் எல்லோரும் பக்கத்து மாவட்டத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்த ஊருக்கு நான் ஒரு தடவை பெண் பார்க்கப் போயிருக்கிறேன். போனால் வீட்டில் பெண்ணைக் காணோம். "ஒளிச்சு வச்சிருக்கோம், நீங்க பெண் பாக்கத்தான வந்திய, பாருங்க" என்றார்கள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதெல்லாம் நான் சொந்த அனுபவத்தோடுதான் பேசுகிறேன் என்பதற்காகச் சொன்னேன்.

அந்த ஊரில் பெரியவர்களுக்காக ஒரு படிப்பு வகுப்பு ஆறு மாதமாக நடந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, பஞ்சாயத்து டிவி அறையில். டிவி எப்போதோ போய்விட்டது, அறை மட்டும் மிச்சம். செண்பகவல்லி என்ற டீச்சர் பக்கத்து ஊரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சொல்லிக்கொடுத்தார். படித்தவர்கள் எல்லாம் வேலை தேடி வெளியூர் போய்விட்ட ஊரில், எழுத்து தெரியாமல் மிச்சமிருந்த பெரியவர்கள் இருபத்தைந்து பேர். அவர்களில் இருபத்திரண்டு பேர் வகுப்புக்கு வந்து முதல் புத்தகத்தை முடித்திருந்தார்கள்.

அந்த இருபத்திரண்டு பேரில் முதல் வரிசை ஆள் ஆவுடையக்கா. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவள். போன வருஷம் மூத்த மகளுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் வலி கண்டுவிட்டது என்று செய்தி வந்ததும் கடையைப் போட்டது போட்டபடி வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். போர்டு படிக்கத் தெரியாது, யாரிடமும் கேட்க வெட்கம். ஒன்றரை மணி நேரம் கழித்து ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. டவுனில் கடல் கிடையாது. அவள் திரும்பி வந்து சேர்வதற்குள் பேத்தி பிறந்து, துடைத்துச் சுற்றி, தூங்கியும் போயிருந்தது. "நீ வருவ வருவன்னு பாத்துக்கிட்டே கெடந்தேம்மா" என்றாளாம் மகள். அதைச் சொல்லும்போதெல்லாம் ஆவுடையக்கா கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள்.

இப்போது இளையவளுக்கு ஆறு மாதம். பங்குனியில் பிரசவம். அவள் ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் புத்தகத்தில் இருந்ததெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள். ஊர்ப் பெயர், அறிவிப்புப் பலகை மாதிரி நீளமான சமாசாரங்கள் இரண்டாம் புத்தகத்தில்தான் வருகின்றன. அந்த இரண்டாம் புத்தகம் வந்தாக வேண்டும் என்பதைத் தவிர ஆவுடையக்காவுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை.

அந்த நேரம் பார்த்து, வகுப்பை நடத்தும் தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வகுப்பால் பயன் உண்டா என்று ஊர்க்காரர்களே மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். வகுப்போடு சம்பந்தமே இல்லாத மூன்று பேர் மதிப்பிட வேண்டும், டீச்சர் தலையிடக் கூடாது. மூன்று பேருக்கும் டவுனில் மூன்று நாள் பயிற்சி உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வந்தால் இரண்டாம் புத்தகம் வரும், வராவிட்டால் வகுப்பை மூடிவிட்டுக் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சம்பந்தமே இல்லாத மூன்று பேரைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வகுப்புக்கு வராதவர்களே மூன்று பேர்தானே. ஒருவர் வாழைக்காய் வியாபாரம் செய்யும் தவசிக்கண்ணு. ஊரில் பெரிய மனிதர், மற்றவர்களோடு சேர்ந்து தரையில் உட்கார மாட்டார், அறையில் நாற்காலி கிடையாது. இன்னொருவர் ஆடு வளர்க்கும் உச்சிமாகாளி. ஆடு அடையும் நேரமும் வகுப்பு நேரமும் ஒன்று. மூன்றாமவர் சொள்ளமுத்து. அவர் முதல் நாளே ஆசையாகப் போனார். கதவை வெளிப்பக்கமாக இழுத்து இழுத்துப் பார்த்தார். அது உள்பக்கம் திறக்கும் கதவு. ஆறு மாதமாக வகுப்பு பூட்டிக் கிடக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

டவுனில் பயிற்சி கொடுத்தவர் ஜெபமணி மேடம். பாவம், நல்ல மனுஷி. திட்டத்துக்கு முன்னால் ஆட்கள் எப்படி இருந்தார்கள், பின்னால் எப்படி இருக்கிறார்கள் என்று இரண்டையும் பார்த்து ஒப்பிடுங்கள் என்றார். திட்டத்தில் சேராத ஆட்களையும் பாருங்கள் என்றார். ஒற்றை வார்த்தையில் பதில் வருகிற கேள்வியைக் கேட்காதீர்கள், பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள், எந்தப் பக்கமும் சாயாதீர்கள், எதற்கும் எழுத்து மூலமான ஆதாரம் வாங்குங்கள் என்றெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். நம் மூவருக்கும் எழுதத் தெரியாது. அதனால் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஊர் திரும்பிய பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. சொள்ளமுத்து இருக்கையில் முதுகு படாமல் விறைப்பாக உட்கார்ந்து வந்தார். வளைவில் பஸ் திரும்பியபோது எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், அவர் மட்டும் சாயமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து எதிர்ப்பக்கமாக எம்பி, ஒரு அம்மாளின் தக்காளிக் கூடையில் உட்கார்ந்தார்.

இறங்கியதும் மூவரும் ஆவுடையக்கா கடைக்கு வந்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி. டீ போடட்டா?" என்றாள் அவள்.

தவசிக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆவுடை, டீயைப் பத்தி ஒன்னோட அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லு."

"என்னது?"

"டீ இருக்கான்னு கேட்டா நீ இருக்குன்னு ஒத்தை வார்த்தையில சொல்லிருவ" என்று சொள்ளமுத்து விளக்கினார். "அப்படிக் கேக்கப்படாதுன்னு மேடம் சொல்லியிருக்காவ."

"சரி, ஒங்களுக்கு டீ வேணுமா வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பதிலை நாம எடுத்துக் குடுக்கப்படாது வே. அவளாத்தான் சொல்லணும்" என்று உச்சிமாகாளி மெதுவாகச் சொன்னார்.

டீ எங்கேயிருந்து வரும்? மூவரும் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மதிப்பீடு தொடங்கியது. சொள்ளமுத்துவுக்குக் கதவை எப்படித் திறப்பது என்று காட்டிக்கொடுத்தார்கள். உள்ளே இருபத்திரண்டு பேரும் எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, தேர்வுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தவசிக்கண்ணு எல்லோரையும் ஒரு தடவை எண்ணிவிட்டு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், இவிய பின்னால உள்ள ஆளுக. பாத்தாச்சு. முன்னால உள்ள ஆளுக எங்க?"

"முன்னால உள்ள ஆளுகளா?"

"ஆமா. வகுப்புக்கு முந்தி எப்படி இருந்தாவன்னு நாங்க பாத்தாகணும். முந்தி இருந்த ஆளுகளக் கூட்டிட்டு வாங்க."

"அவங்கதான் அண்ணாச்சி இவங்க."

"இவிய படிச்ச ஆளுகல்லா? எங்களுக்குப் படிக்காத ஆளுக வேணும். அதே மூஞ்சி, அதே பேரு, ஆனா படிச்சிருக்கப்படாது."

டீச்சர் பொறுமைசாலி. "முந்தி உங்களுக்குப் படிக்கத் தெரியுமான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாலே போதும்" என்றார்.

"எடுத்துக் குடுக்காதிய டீச்சர்!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். டீச்சர் தலையிடக் கூடாது என்று கடிதத்தில் இருக்கிறதே. அவர் மூலைக்குப் போய் நின்றுகொண்டார்.

பிறகு குழு அறைக்கு வெளியே போய் ஆலோசித்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று.

"முந்தி உள்ள ஆளுக கெடைக்கலன்னா, இருக்க ஆளுகள முந்தி மாதிரி ஆக்கிற வேண்டியதுதான்" என்றார் தவசிக்கண்ணு.

"எப்படி?" என்றார் சொள்ளமுத்து.

"படிச்சதை மறக்க வைக்கணும்."

"ஆறு மாசப் படிப்பை நாலு நாளுல எப்படி வே மறக்க வைப்பீரு?"

உச்சிமாகாளி அதிகம் பேசமாட்டார். பேசினால் ஆட்டைப் பற்றித்தான் இருக்கும். "மேய்ச்சலுக்குப் போன தடத்துலயே ஆட்டைத் திருப்பிப் பத்திட்டு வந்தா, கெளம்புன பட்டிக்கு வந்துரும்" என்றார். "புஸ்தகத்தைக் கடைசிப் பக்கத்துல இருந்து முதப் பக்கத்துக்குப் படிச்சா, படிக்காத எடத்துக்கு வந்துரலாம்லா?"

மற்ற இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அறிவை இத்தனை நாள் ஆட்டுக்குப் பின்னால் அலையவிட்டோமே என்று தவசிக்கண்ணு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தில் இருபத்துநான்கு பாடம். திங்கள் முதல் வியாழன் வரை தினம் ஆறு பாடம் மறந்தால் வெள்ளிக்கிழமை அறிக்கை வாங்க மேடம் வரும்போது எல்லோரும் சுத்தமாக இருப்பார்கள்.

இதை உள்ளே வந்து அறிவித்ததும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சுண்டங்குளத்துக்காரர்கள் அல்லவா. ஆவுடையக்கா மட்டும் எழுந்தாள்.

"அண்ணாச்சி, மறந்தாத்தான் ரெண்டாம் புஸ்தகம் வருமா?"

"மறந்தாத்தான் அறிக்கை வரும். அறிக்கை வந்தாத்தான் புஸ்தகம் வரும்."

"அப்பச் சரி, மறந்துருதேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். படிக்க வந்த முதல் நாள்கூட அவள் முகத்தில் அவ்வளவு உறுதி இருந்ததில்லை என்று டீச்சர் பிற்பாடு சொன்னார்.

அப்படியே நடந்தது. இருபத்துநான்காம் பாடத்தைச் சத்தமாகப் படித்தார்கள், மூடினார்கள், இருபத்துமூன்றுக்கு வந்தார்கள். தவசிக்கண்ணு வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டு மேற்பார்வை பார்த்தார். எந்த வரியை மறக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவது சொள்ளமுத்துவின் வேலை. டீச்சர் மூலையில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கவலையால் என்று குழு நினைத்தது.

இரண்டாம் நாள் ஒரு விபரீதம் தெரிந்தது. முன்பு எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கிப் படித்த ஆட்கள் இப்போது தடதடவென்று படித்தார்கள். மூன்றாம் நாள் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள்.

"என்னவே இது, மறக்க மறக்க வேகம் கூடுது?" என்று தவசிக்கண்ணு பயந்தார்.

"ஆடும் பட்டி கிட்ட வந்துட்டா ஓடத்தான செய்யும்" என்றார் உச்சிமாகாளி. குழுவுக்குத் தெம்பு வந்தது.

இதற்கிடையில் வகுப்பில் சேராத ஆட்களையும் பார்க்க வேண்டியிருந்தது. ஊரில் அப்படிப்பட்டவர்கள் இவர்கள் மூவரும்தான். புதன்கிழமை காலையில் தவசிக்கண்ணுவின் வாழைக்காய் மண்டியில் மூவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டார்கள்.

"உச்சிமாகாளி, ஆறு மாசத்துக்கு முந்தி ஒமக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"இப்பம்?"

"இப்பமும் தெரியாது."

"எனக்கும் அப்படித்தான். ஒரு இம்மி நகரல. பாத்தீரா, அவிய ஆறு மாசத்துல ஒண்ணுலேருந்து இன்னொண்ணா மாறிட்டாவ. நாமதான் வே ஒரே சொல்லுல நிக்கோம்." தவசிக்கண்ணுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சொள்ளமுத்துவும் தெரியாது என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது மண்டிச் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

எல்லோரையும்விட ஆவுடையக்காதான் உண்மையாகக் கஷ்டப்பட்டாள். மற்றவர்கள் வகுப்பில் மட்டும் மறந்தார்கள், அவள் நாள் முழுக்க மறக்கப் பார்த்தாள். ரேஷன் கடைப் பக்கம் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு நடந்து மின்கம்பத்தில் முட்டிக்கொண்டாள். வடை மடிக்கும் காகிதத்தைக் குப்புறப் போட்டு மடித்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் வகுப்புக்கு வரும் வழியில் கடையில் நின்றபோது, அடுப்பு எரிய, பால் பொங்கி வழிய, அவள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"மறக்க மாட்டேங்குது டீச்சர். கத்துக்கிட நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியும். இப்பம் போகச் சொன்னாலும் போக மாட்டேங்குது. உப்புப் பாக்கெட்டைத் தொட்டா உப்புன்னு நிக்கி. என்னால எல்லாருக்கும் புஸ்தகம் இல்லாமப் போயிருமே."

டீச்சருக்குச் சிரிப்பு போய்விட்டது. "மறக்காதீங்கக்கா. அது போகாது. போகவும் வேண்டாம்" என்றார். தலையிடக் கூடாது என்ற விதியை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஆனால் ஆவுடையக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று வகுப்பில் முதல் பாடம் வரை வந்து சேர்ந்தாயிற்று. தவசிக்கண்ணு கரும்பலகையில் இருந்த முதல் எழுத்தைக் காட்டி, "இது தெரியுதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர், "அண்ணாச்சி, 'அ'ன்னா எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். அடுத்தவர், "எனக்கு 'அ'வும் தெரியாது, அதுக்குப் பக்கத்துல இருக்க 'ஆ'வும் தெரியாது" என்று ஒரு படி மேலே போனார். குழுவுக்குப் பரம திருப்தி.

"வாய்ப் பேச்சு செல்லாது. எழுத்து மூலமா ஆதாரம் வேணும்னு மேடம் சொல்லியிருக்காவ" என்று சொள்ளமுத்து ஞாபகப்படுத்தினார்.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். 'எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது' என்று ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு பேரும் குனிந்து எழுதினார்கள். பின்வரிசையில், தெரியாது என்பதற்கு எந்த 'ரி' போடுவது என்று இரண்டு பேருக்குள் சண்டை வந்து, மூன்றாவது ஆள் எழுதிக் காட்டித் தீர்த்துவைத்தார். ஆவுடையக்கா எழுதிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் கொடுத்த பிறகும் எழுதினாள். தாளின் பின்பக்கமும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெபமணி மேடம் வந்தார். ஊரே டிவி அறையில் கூடியிருந்தது. தவசிக்கண்ணு இருபத்திரண்டு தாளையும் ஒரு வாழை இலையில் வைத்து நீட்டினார்.

"மேடம், முன்னால எப்படி இருந்தாவன்னு கண்டுபிடிச்சாச்சு. ஒருத்தருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆதாரம் எல்லாம் அவிய கையெழுத்துலயே இருக்கு."

மேடம் முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். நான்காவது தாளில் தோள் குலுங்க ஆரம்பித்தது. கடைசியாக ஆவுடையக்காவின் தாள் வந்தது. அதில் இப்படி இருந்தது:

'எனக்கு எழுத படிக்க தெரியாது என்று எழுத சொன்னார்கள். எழுதி விட்டேன். ஆனால் பொய். நாலு நாள் மறந்து பார்த்தேன். முடியவில்லை. என் மேல் தப்பு. மற்றவர்கள் மறந்து விட்டார்கள். அவர்களுக்கு இரண்டாம் புத்தகம் கொடுங்கள். ஒன்று மிச்சம் இருந்தால் எனக்கும் கொடுங்கள். என் மகளுக்கு பங்குனியில் பிள்ளை பிறக்கும். நான் நேரத்தோடு போக வேணும். இப்படிக்கு ஆவுடை, டீ கடை.'

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். ஆவுடையக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"எத்தனையோ ஊரில் அறிக்கை வாங்கியிருக்கேன். இந்த மாதிரி ஒரு ஆதாரத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார் மேடம். "வகுப்பு தொடரும். இருபத்திரண்டு பேருக்கும் புத்தகம் உண்டு. வண்டியிலேயே இருக்கு, இறக்கச் சொல்லுங்க."

அறை அதிர்ந்தது. ஆவுடையக்கா யாரைக் கட்டிப்பிடிக்கிறோம் என்று பார்க்காமல் உச்சிமாகாளியைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அவர் ஆட்டுக்குட்டி மாதிரி விழித்தார்.

"ஆனா மேடம், பின்னால எப்படி இருக்காவன்னு நாங்க இன்னும் பாக்கலியே" என்று தவசிக்கண்ணு இழுத்தார்.

"வேண்டாம் ஐயா, வேண்டவே வேண்டாம். இது போதும். குழு உறுப்பினர்கள் மட்டும் இதில் ஒப்பமிடுங்க" என்று மேடம் அவசரமாக ஒரு தாளை நீட்டினார்.

தவசிக்கண்ணு கைநாட்டு வைத்தார். உச்சிமாகாளியும் வைத்தார். சொள்ளமுத்து பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'சொள்ளமுத்து' என்று எழுதினார்.

 நாலு நாள் வரி வரியாக விரல் வைத்துக் காட்டியதில் மனிதருக்கு எழுத்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அடப்பாவி! படிக்காத ஆளுன்னு நம்பிக் கூட வச்சிருந்தமே" என்று தவசிக்கண்ணு தலையில் கைவைத்தார்.

"நான் வேணும்னு படிக்கல அண்ணாச்சி. அதுவா வந்துட்டு" என்று சொள்ளமுத்து அழாத குறையாகச் சொன்னார். மேடம் தன் பங்குக்கு ஒரு புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் நடப்பதற்குள் வண்டி ஏறிப் போய்விட்டார்.

ஆவுடையக்கா இரண்டாம் புத்தகத்தை மாசி முடிவதற்குள் முடித்தாள். பங்குனியில் போர்டைப் பார்த்து ஏறி, பார்த்து மாறி, பிரசவத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே மகள் வீட்டு வாசலில் போய் நின்றாள். இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் குழுவின் கவலை தீரவில்லை. இரண்டாம் புத்தகத்துக்கும் மதிப்பீடு உண்டே. வகுப்பில் சேராத ஆட்கள் மூன்று பேர் இருந்த ஊரில் இப்போது இரண்டு பேர்தான். ஒரு ஆள் குறைகிறது. வெளியூரிலிருந்தாவது ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்து, பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஆவுடையக்காவிடம் சொல்லி ஒரு அறிவிப்பு எழுத வைத்தார்கள். இதை எழுதும்போது அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே.

'எழுதப் படிக்கத் தெரியாத ஆள் தேவை. இந்த அறிவிப்பைப் படிப்பவர்கள் தங்கள் கைப்பட எழுதி விண்ணப்பிக்கவும்.' சுற்றுவட்டாரத்தில் ஏழு பஸ் நிறுத்தத்தில் ஒட்டினார்கள்.

பதினேழு விண்ணப்பங்கள் வந்தன. ஆவுடையக்கா ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, தவசிக்கண்ணு, "இவனுக்கு எழுதத் தெரியுது, தள்ளு" என்று பதினாறையும் தள்ளினார். பதினேழாவது உறையைப் பிரித்தால் உள்ளே வெறும் தாள் இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை.

"இவந்தான் வே நாம தேடுன ஆளு!" என்று துள்ளினார் தவசிக்கண்ணு. உடனே வேலைக்கு வரச் சொல்லி அந்த ஆளுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுத வைத்து, உறைமேல் 'எழுதப் படிக்கத் தெரியாத ஐயா அவர்களுக்கு' என்று போட்டுத் தபாலில் சேர்த்தார்கள்.

மூன்று மாதமாகிறது, பதில் இல்லை. மனிதருக்கு நிஜமாகவே படிக்கத் தெரியாது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று, குழு அவரை ஏகமனதாக மூன்றாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டுவிட்டது. கூட்டத்துக்குக் கூட்டம் அவருக்கும் ஒரு டம்ளர் டீ வாங்கி வைக்கிறார்கள்.